நனைந்த பிறகும் முக்காடு

டயட் ஆரம்பிக்கத் தமிழ்ப் பஞ்சாங்கத்தில் நல்ல மாதம் என்று ஒன்று கிடையாது. ஜனவரி முதல் தேதி சபதம் எடுத்தால் இரண்டே வாரத்தில் சர்க்கரைப் பொங்கல் பொங்கிவிடும். தை பிறந்துவிட்டதா, முகூர்த்தப் பத்திரிகைகள் வரிசை கட்டும். மாசியும் பங்குனியும் மொய்க் கவரும் பந்தியுமாகவே போகும். சித்திரையில் மாம்பழம். ஆடியில் கூழ் ஊற்றுவார்கள், அதையாவது விட்டுவிடலாம். ஆனால் பதினெட்டாம் பெருக்குக்குக் காவேரிக் கரைக்குக் கிளம்பும்போது தூக்குவாளிகளில் புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என்று நாலு வகை ஏறிக்கொள்ளும். நாலும் அரிசி. ஆவணியில் கொழுக்கட்டையும் சீடையும். புரட்டாசியில் வீட்டில் கறி கிடையாது என்று நிம்மதியாக இருக்க முடியாது, கறி இல்லாத குறையைத் தீர்க்க உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும் தினப்படி ஆகிவிடும். நவராத்திரி ஒன்றுதான் விதிவிலக்கு. ஒன்பது நாளும் வீடு வீடாகச் சுண்டல் கொடுக்கிறார்கள், அந்த அம்பாளுக்குப் புண்ணியம். அப்புறம் தீபாவளி, கார்த்திகைப் பொரி உருண்டை, மார்கழி விடியலில் நெய் மிதக்கும் வெண்பொங்கல் என்று ஆண்டு முடிந்துவிடும்.

இதில் எந்த மூன்று மாதத்தைப் பிடித்து "ஒரே மூச்சில் பத்து கிலோ" குறைப்பது?

டயட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் உற்சாகம், உத்வேகம், மன உறுதி என்றே பேசுகிறார்கள். ஏதோ அது குறையாமல் பார்த்துக்கொண்டால் எடை தானாகக் குறைந்துவிடும் என்பதுபோல. எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. உற்சாகம் வரும், போகும். அது இல்லாத நாட்களில் என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம் என்று தோன்றுகிறது.

என் கதை பெரிய கதையொன்றும் இல்லை. நாற்பதைத் தாண்டிய, உட்கார்ந்த இடத்தில் கணக்குப் பார்க்கிற, வீட்டில் இரண்டு வேளை சமைக்கிற எந்தத் திருச்சிக்காரிக்கும் நடப்பதுதான். அலுவலகத்தில் நடந்த மெடிக்கல் கேம்ப்பில் ரத்தம் கொடுத்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 6.5ஐத் தொட்டுவிட்டால் சர்க்கரை நோய். நடுவில் இருப்பதற்கு நம் ஊரில் "பார்டர்ல இருக்கு" என்று பெயர். சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு ஒன்று 2023ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர், பார்டரில் இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர். கூட்டத்துக்குக் குறைவில்லை.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. ஒரு அஞ்சாறு கிலோ குறைங்க, தினம் நடங்க, ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார் டாக்டர். நல்ல மனிதர், ஒல்லியானவர்.

ஆரம்பித்த முதல் வாரம் கிட்டத்தட்ட இரண்டு கிலோ இறங்கியது. ராத்திரிச் சாப்பாட்டில் சோற்றை நிறுத்தி, டீயில் சர்க்கரையை நிறுத்தி, நாலு மணி பஜ்ஜியை நிறுத்தி, அவ்வளவுதான் செய்திருந்தேன். இந்த வேகத்தில் போனால் தீபாவளிக்குள் கல்யாண ஆல்பத்து உடம்புக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்குப் பார்ப்பவள் அல்லவா. மூன்றாவது வாரத்தில் இருநூறு, முந்நூறு கிராம். அதற்கடுத்து ஒன்றுமே இல்லை.

முதல் வாரத்து மாயம் என்னவென்று பிறகுதான் படித்தேன். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைகோஜன் என்ற பெயரில் ஈரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. அரை கிலோ அளவுக்கு இருக்கலாம். ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்ததும் உடம்பு முதலில் இந்தக் கையிருப்பில்தான் கை வைக்கும், கூடவே தண்ணீரும் வெளியேறும். குறைந்தது கொழுப்பு கொஞ்சம், தண்ணீர் நிறைய. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. "ஏழே நாளில்" என்று விளம்பரம் செய்கிறவர்கள் சொல்லவே மாட்டார்கள், அவர்கள் பிழைப்பே அந்த ஏழு நாள் தண்ணீரில்தான் ஓடுகிறது.

அதற்கப்புறம் லால்குடியில் ஒரு கல்யாணம் வந்தது.

பந்தியில் உட்கார்ந்து டயட் இருக்க முயன்றவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். பாயச வாளியோடு வந்த தம்பி கரண்டியை இலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு "அக்கா, கொஞ்சம்" என்கிறான். நான் இலைக்குக் குறுக்கே கையை நீட்டுகிறேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் யாரையோ பார்க்கிறான். திரும்பினால் பெண்ணின் சித்தப்பா, தோளில் துண்டோடு. "என்னம்மா, எங்க வீட்டுப் பாயசம் பிடிக்கலையா?" இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? சுகர் என்று பொய் சொல்லலாம். சொன்னால் அடுத்த பந்திக்குள் அந்தச் செய்தி முசிறி வரை போய்விடும். கையை எடுத்துவிட்டேன். பாயசம் இரண்டு கரண்டி, போளி ஒன்றரை, அதன்மேல் நெய். உண்மையைச் சொன்னால் நன்றாகவே இருந்தது.

மறுநாள் காலை மெஷினில் ஏறி நின்றால் ஒன்றரை கிலோ கூடியிருந்தது. மூன்று வார உழைப்பு ஒரே பந்தியில் போய்விட்டது என்று யாருக்கும் தோன்றும். இங்கே கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருக்கும் சக்தி சுமார் 7,700 கலோரி. ஒன்றரை கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் அன்றாடத் தேவைக்கு மேல் 11,500 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். நெய், பாயசம், போளி, வடை எல்லாம் சேர்த்து ஒரு முழுக் கல்யாணச் சாப்பாட்டை எவ்வளவு தாராளமாக மதிப்பிட்டாலும் 2,000க்கு மேல் போவது கஷ்டம். அன்று நான் ஐந்தாறு பந்தியில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தால்தான் அந்த எடை நிஜம். அப்புறம் மெஷின் எதைக் காட்டியது? உப்பு பிடித்து வைத்த நீர், காலியாக இருந்த கிளைகோஜன் திரும்ப நிரம்பியது, அதோடு வந்த நீர், இன்னும் குடலை விட்டுப் போகாத சாப்பாடு. நாலைந்து நாளில் பெரும்பகுதி தானே இறங்கிவிடும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் கல்யாணம், கருமாதி எதுவும் இல்லாமலேயே இப்படி ஏறும்.

ஆக, முதல் வாரம் துள்ளியதும் தண்ணீருக்காக, கல்யாணத்துக்கு மறுநாள் மூக்கைச் சிந்தியதும் தண்ணீருக்காக. இரண்டுக்கும் நடுவில் கொழுப்பு அதுபாட்டுக்கு வாரத்துக்கு முந்நூறு, நானூறு கிராம் என்று சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். தண்ணீரின் ஏற்ற இறக்கத்தில் அது கண்ணுக்கே தெரியாது. டயட்டின் ஏற்ற இறக்கம் என்று நாம் புலம்புவதில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் கட்சி.

உண்மையான சேதம் பந்தியில் நடப்பதில்லை, பந்தியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு நடக்கிறது. பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1975ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவிகளை அழைத்து, ருசி பார்க்கும் சோதனை என்று சொல்லி, சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. அப்புறம் எல்லோர் முன்னாலும் ஐஸ்கிரீமை வைத்து, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிட்டு மதிப்பெண் போடச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிற பெண்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தால் அப்படித்தானே? டயட் இருக்கும் பெண்கள் மட்டும் தலைகீழ். மில்க் ஷேக் குடிக்காதபோது அடக்கமாக இருந்தவர்கள், குடித்துவிட்டால் அதிகமாகச் சாப்பிட்டார்கள். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று நம் பாட்டிகள் சொல்வதேதான்.

பந்தியில் இரண்டு கரண்டி பாயசம் சாப்பிட்டாயிற்று, இன்றைக்கு டயட் போச்சு. சாயங்காலம் தாம்பூலப் பையில் இருந்த லட்டையும் முறுக்கையும் முடித்துவிடலாம். இன்று புதன்கிழமை. வியாழன், வெள்ளி எதற்கு அரைகுறையாக, சனி ஞாயிறு எப்படியும் முடியாது, திங்கட்கிழமையிலிருந்து சுத்தமாக ஆரம்பித்துவிடலாம். திங்கட்கிழமைக்கு அப்படியென்ன மகிமையோ தெரியாது, உலகத்தில் எல்லா டயட்டும் திங்கட்கிழமைதான் பிறக்கிறது. கணக்கில் பாருங்கள். பந்தியில் கூடுதலாகப் போனது ஆயிரம் கலோரி. புதன் மாலையிலிருந்து ஞாயிறு ராத்திரி வரை "எப்படியும் திங்கட்கிழமை விட்டுடப் போறோமே" என்று சாப்பிடுவது அதைப்போல மூன்று நாலு மடங்கு. உடம்பில் ஒட்டுவது பின்னதுதான்.

எனக்கு உதவிய ஒரே ஒரு விதி இதுதான்: திரும்ப ஆரம்பிப்பது அடுத்த வேளையில். நாளை காலை கூட இல்லை, அடுத்த வேளை. மத்தியானம் பந்தி என்றால் ராத்திரி வழக்கம்போல இரண்டு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் மோர். பிராயச்சித்தமாகப் பட்டினி கிடக்கவும் கூடாது. ராத்திரி பட்டினி கிடந்தவள் பத்து மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறப்பாள் என்பதற்கு என் வீட்டுச் சமையலறை அலமாரி சாட்சி. தண்டனை இல்லை, சபதம் இல்லை, புது டயட் சார்ட் இல்லை. வழக்கமான அடுத்த சாப்பாடு, அவ்வளவுதான். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது, இதற்குப் போய் ஒரு பதிவா என்றும் தோன்றும். செய்து பாருங்கள், இரண்டு இட்லியோடு எழுந்திருப்பதற்குச் சபதம் எடுப்பதை விட அதிகத் தைரியம் வேண்டும்.

மூன்றாவது, நாலாவது மாதம் வேறு ரகம். எல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டிருப்போம், முள் நகராது. பசி மட்டும் முன்பை விட அதிகமாக எடுக்கும். யாராவது யூடியூபில் பரோட்டா தட்டுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். "எனக்கு வைராக்கியம் கிடையாது" என்று முடிவு கட்டுகிற இடம் இதுதான்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944 கடைசியில் தொடங்கிய ஒரு சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று மறுத்த 36 இளைஞர்கள், ஆராய்ச்சிக்குத் தங்கள் உடம்பைக் கொடுக்க முன்வந்தார்கள். ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் அவர்களுக்கு ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டார். போரால் பட்டினியில் வாடும் ஐரோப்பாவை மீட்டெடுக்கும்போது எப்படிச் சோறு போடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. ஒரு நாளைக்குச் சராசரியாக 1,570 கலோரி. நம் ஊரில் டயட் சார்ட்டில் பெண்களுக்கு 1,200 என்று எழுதிக் கொடுப்பதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இளைஞர்களின் எடை கால்வாசி குறைந்தது. எடையோடு வேறு சிலதும் போயின. சிரிப்பு, சினேகம், படிப்பில் ஆர்வம் எல்லாம் வற்றி, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேகரித்து உட்கார்ந்து படித்தார்கள். தட்டில் இருப்பதைத் தீர்ந்துவிடக் கூடாதே என்று மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். கொள்கைக்காக ஊரே திட்டியும் போருக்குப் போகாமல் நின்றவர்கள் அவர்கள். அவர்களுக்கா வைராக்கியம் கிடையாது?

பசி நம் குணத்தைப் பற்றிய சான்றிதழ் அல்ல. எடை குறைந்தால் உடம்பு அதை ஆபத்தாகத்தான் எடுத்துக்கொள்கிறது. சின்ன உடம்புக்குக் குறைவான எரிபொருள் போதும் என்பது ஒரு பக்கம். நமக்கே தெரியாமல் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கிறோம் என்பது இன்னொரு பக்கம். அதற்கு மேல் பசி ஹார்மோன்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் கடும் டயட்டில் வைத்து எடையைக் குறைத்து, ஒரு வருடம் கழித்தும் சோதித்துப் பார்த்தார்கள். 2011ல் அந்த முடிவு வந்தது. பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஒரு வருடம் கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இப்போது வாரம் ஒரு ஊசி என்று புதிய மருந்துகள் வந்திருக்கின்றன, பசியையே அடக்கிவிடுகின்றன, டாக்டர் பார்த்துக் கொடுத்தால் சிலருக்குப் பெரிய உதவி. அதில் ஒன்றை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்தில் திரும்பியிருந்தது. ஊசியை நிறுத்தியதும் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வைராக்கியம் கெட்டுவிட்டதா என்ன?

இது தெரிந்த பிறகு எனக்குப் பசி குறைந்துவிடவில்லை. என்னைத் திட்டிக்கொள்வது குறைந்தது. முள் நிற்கும் மாதத்தில் சாப்பாட்டை இன்னும் வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு, ஏறாமல் பார்த்துக்கொண்டேன். நிற்பதும் ஒரு வேலைதான், அதற்கு யாரும் கைதட்டுவதில்லை என்பது மட்டும்தான் குறை.

எந்த டயட் நல்லது என்ற சண்டை எங்கள் வீட்டிலும் உண்டு. 2015, 16 வாக்கில் தமிழ் ஃபேஸ்புக்கே பேலியோவில் மூழ்கிக் கிடந்தது நினைவிருக்கும். நியாண்டர் செல்வன் நடத்திய 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' குழுமம், நூறு பாதாம், பட்டர் டீ, காலிஃபிளவரைத் துருவிச் செய்த பொய்ச் சோறு. என் கணவரும் அதில் குதித்தார். நன்றாகவே இளைத்தார். பழைய பேன்ட்டெல்லாம் பெல்ட்டின் தயவில் நின்றது. பாதாம் விலையும் வெளியூர் வேலையும் சேர்ந்து ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார், எடையும் மெல்லத் திரும்பியது. அவரைக் கேட்டால் இன்றும் பேலியோவைத்தான் சொல்வார். எனக்கு அதில் பிடித்தது பாதாம் இல்லை, அந்தக் கூட்டம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே பைத்தியத்தில் இருந்தார்கள். ஒருவர் இரண்டு கிலோ குறைந்தால் நூறு பேர் வாழ்த்துவார்கள். வீட்டில் அதே இரண்டு கிலோவுக்கு யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா என்று ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை ஒரு வருடம் வைத்துப் பார்த்து 2018ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பக்கம் சராசரியாக 5.3 கிலோ, மறுபக்கம் 6 கிலோ. பேசும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு பக்கத்திலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தது. எது நமக்கு ஒத்துவருகிறதோ, எதை அலுக்காமல் சாப்பிட முடிகிறதோ அதுதான் டயட். சிறுதானியப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளக் கூடாது: நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி என்றால் சாமையிலும் வரகிலும் 330லிருந்து 350 வரை இருக்கிறது. நார்ச்சத்து அதிகம், வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், நல்ல உணவு. அதற்காகச் சாமைப் பொங்கலில் நெய்யை ஊற்றி மூன்று கரண்டி சாப்பிட்டுவிட்டு மெஷினை முறைத்தால் அது என்ன செய்யும்?

உற்சாகத்தை நிஜமாகவே கெடுப்பது வீடும் தெருவும். வேறு ஊர்களில் இளைத்தால் பாராட்டுவார்களாம். நம் ஊரில் நாற்பது வயதுக்கு மேல் இளைத்தால் முதல் கேள்வி, "என்ன, சுகரா?" இரண்டாவது கேள்வி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்ல ஏதும் பிரச்சினையா?" நாலு கிலோ குறைந்த சமயத்தில் எதிர்வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "முகமே ஒட்டிப்போச்சு, ஒரு தடவை முழுசா செக்கப் பண்ணிரு" என்றார். அந்தச் செக்கப்பில் தொடங்கியதுதான் இதெல்லாம் என்று அவருக்கு எப்படி விளங்க வைப்பது?

என் மாமியார் வெளிப்படையாக எதிர்ப்பவர் அல்ல. தோசை விஷயத்தில்தான் மோதல் வந்தது. எங்கள் வீட்டில் ராத்திரி பாதி நாள் தோசை. ஒரு நாள் எண்ணெயை டீஸ்பூனில் அளந்து ஊற்றிப் பார்த்தேன். கல்லைச் சுற்றி ஒரு வட்டம், நடுவில் நாலு சொட்டு, திருப்பிப் போட்ட பிறகு ஓரத்தில் கொஞ்சம் என்று ஒரு தோசைக்கு இரண்டு டீஸ்பூன். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரிக்கு மேல். நாலு தோசை சாப்பிட்டால் எண்ணெயில் மட்டும் 330. மாவைப் பற்றி, தேங்காய்ச் சட்னியைப் பற்றி இன்னும் பேசவே இல்லை. மறுநாளிலிருந்து வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, முள்கரண்டியில் குத்தி, கிண்ணத்து எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்த்து ஊற்றினேன். நல்ல கல்லாக இருந்தால் ஒட்டாமல் வரும்.

அத்தை தோசையை விரலால் தூக்கிப் பார்த்தார். "இது என்னம்மா, வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு?"

"உங்களுக்கு எண்ணெய் விட்டே சுட்டுத் தர்றேன் அத்தை. இது எனக்கு."

"எனக்கு ஒரு மாதிரி, உனக்கு ஒரு மாதிரியா? ஒரே வீட்ல ரெண்டு அடுப்பா?"

அவருக்கு உறுத்தியது எண்ணெய் இல்லை, தட்டு பிரிந்ததுதான் என்று புரிய நாளானது. எல்லோருக்குமே ஒரு டீஸ்பூன் என்று சமாதானத்துக்கு வந்தோம். அவருடைய கொலஸ்ட்ரால் மாத்திரையை ஒரு தரம் நினைவுபடுத்தினேன், அது கொஞ்சம் அநியாயம்தான், ஆனால் வேலை செய்தது. மகள் தட்டில் மிச்சம் வைக்கும் பாதித் தோசை இன்னொரு தலைவலி. வீணாகப் போகிறதே என்று நின்றபடியே வாயில் போட்டுக்கொள்ளாத அம்மா இந்த ஊரில் உண்டா? அது எந்தக் கணக்கிலும் வராது, உடம்பு மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளும். இப்போது அவளுக்குப் பாதி தோசையாகச் சுட்டுப் போடுகிறேன். வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸப்பில் வரும். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல் எழுதிய புத்தகத்தில் இருந்து கிளம்பிய கதை அது. லண்டனில் ஃபிலிப்பா லாலி என்பவர் 96 பேரை நிஜமாகவே தொடர்ந்து கவனித்தார். ஒரு பழக்கம் யோசிக்காமல் தானாக வரச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கும் வேலைக்கும் தகுந்தபடி 18 நாளிலிருந்து 254 நாள் வரை. எனக்கு அதில் பிடித்தது இன்னொரு கண்டுபிடிப்பு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் பெரிதாகக் கெட்டுவிடவில்லை. சங்கிலி அறுந்தால் எல்லாம் போச்சு என்பது நாமாகக் கட்டிய கதை.

நடை விஷயத்தில் நான் செய்திருக்கும் ஏற்பாடு அதை வைத்துத்தான். மனசு இருக்கும் நாளில் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் முக்கால் மணி நேரம். மனசில்லாத நாளில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைப் பால் பூத் வரை போய்த் திரும்பினால் போதும், அதுவும் நடைதான். பால் பூத் வரை போனவள் பாதி நாள் இன்னும் கொஞ்சம் போய்விட்டு வருகிறாள். போகாவிட்டாலும் கேள்வி கிடையாது. வீட்டில் மிக்சர், முறுக்கு டப்பாக்களை மேல் தட்டுக்கு ஏற்றியாயிற்று. ஸ்டூல் போட்டு ஏற வேண்டும் என்றால் பாதி ஆசை அங்கேயே அடங்கிவிடும். மகள் உயரம், எட்டி எடுத்துக்கொள்வாள், அவளுக்கு வயசும் இருக்கிறது.

மெஷினை நம்பாவிட்டால் எதைத்தான் பார்ப்பது? நான் ரவிக்கையைப் பார்க்கிறேன். எங்கள் தையல்காரர் உள்பக்கம் துணி விட்டு, பக்கத்துக்கு மூன்று வரி தையல் போட்டுக் கொடுப்பார். உடம்பு போடப்போட ஒவ்வொரு வரியாகப் பிரித்துக்கொள்ள. இத்தனை வருடமாகப் பிரித்துக்கொண்டே வந்த ரவிக்கைகள் பீரோவில் கிடந்தன. மெஷின் ஒரே எண்ணைக் காட்டிய அந்த மாதத்தில் ஒன்றை எடுத்துப் போட்டால் கையிடுக்கில் தொளதொளவென்று நின்றது. பிரித்த வரியைத் திரும்பத் தைக்கச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பிரிக்கத்தானம்மா எல்லாரும் கொண்டு வருவாங்க" என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரிது. ரவிக்கை போடாதவர்கள் இஞ்சு டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். இந்திய உடம்புக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள். நாம் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பை வைத்திருக்கும் இனம்.

முள் நகராதவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், பார்டரில் இருந்த 531 பேரை மூன்று வருடம் வரை தொடர்ந்து கவனித்து 2006ல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் பொதுவான அறிவுரையோடு அனுப்பப்பட்டவர்களை விட, சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பதுதான் இதில் விசேஷம். நடந்தார்கள், சாப்பாட்டைத் திருத்தினார்கள், மெஷின் கண்டுகொள்ளவில்லை, உடம்பு கண்டுகொண்டது. பால் பூத் வரை மட்டும் நடக்கிற நாட்களில் இதை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு வேளையைத் தாண்டிப் பட்டினி கிடக்க வேண்டாம். சில மாத்திரைகளோடு சாப்பாடு தவறினால் சர்க்கரை திடீரென்று இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். டாக்டரிடம் கேட்டு மாத்திரை அளவையும் சேர்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு இந்த வருடம் அதிரசமும் முறுக்கும் வீட்டிலேயே சுடப்போகிறோம், அத்தை மாவுக்குப் பச்சரிசி சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை. அன்றைக்கு விடிகாலை எண்ணெய்க் குளியல் முடித்து லேகியத்துக்கு அப்புறம் இரண்டு அதிரசம் சாப்பிடுவேன். மத்தியானம் கறிக்குழம்பு உண்டு. ராத்திரி வழக்கம்போல இட்லி. மிச்சப் பலகாரத்தை மறுநாளே எதிர்வீட்டு அக்காவுக்கும் அலுவலகத்துக்கும் கட்டிக் கொடுத்துவிடுவதாகத் திட்டம். வெயிட் மெஷின் அடுத்த ஐந்து நாளுக்குப் பரணில் இருக்கும், ஏணியைக் கணவர் எடுத்துத் தர மாட்டார் என்று பேச்சு.